கலைக்களஞ்சியத்தில் லிப்டன்: ஒரு கண்டனம்

பிரிட்டானிக்காக் கலைக்களஞ்சியத்தின் பதினோராம் பதிப்பு 1910–11 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களுள் அதுவே தலைசிறந்தது என்போர் இன்றும் உளர். காப்புரிமைக் காலம் கடந்துவிட்டமையால் எவரும் தடையின்றி எடுத்தாளும் நூலாகவும் அது விளங்குகின்றது. அப்பதிப்பில் சேர் தோமஸ் லிப்டன் பற்றிய வாழ்க்கைக் குறிப்பொன்று உண்டு. ஊவா மாகாணத்தில், அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னைத் தோட்டத்தை 1890 இல் விலைக்கு வாங்கியவர் லிப்டன். ஆதலின் அக்குறிப்பை ஊவாவில் நின்று படித்துப் பார்ப்பது பொருத்தமே. அவ்வாறு படிக்குமிடத்து, அது கலைக்களஞ்சியக் கட்டுரைக்கு வேண்டிய தகைமையை இழந்து நிற்பது புலப்படும்.

குறிப்பு கூறும் செய்திகளாவன: லிப்டன் கிளாஸ்கோ நகரில் 1850 இல் அயர்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தார். இளமையில் எழுதுபொருட் கடையொன்றில் ஏவலாளாக இருந்தார். பதினைந்து வயதில் அமெரிக்கா சென்று, மளிகைக் கடையிலும், நியூ ஓர்லியன்சில் திராம் வண்டியிலும், தென் கரோலைனாவில் ஒரு தோட்டத்திலும் வேலை பார்த்தார். பின்னர் ஊர் திரும்பிச் சிறு கடை வைத்தார். அது பிரித்தானியா எங்கும் பரந்த கடைகளாயிற்று. தம் கடைகளுக்கு மிக வாய்ப்பான விலையில் சரக்குப் பெறும்பொருட்டு இலங்கையில் தேயிலை, கோப்பி, கொக்கோத் தோட்டங்களை வாங்கினார். சிக்காகோவிற் பன்றியிறைச்சிச் சாலை அமைத்தார். இங்கிலாந்திற் பழத்தோட்டம், பழப்பாகுத் தொழிற்சாலை முதலியவற்றை நிறுவினார். 1897 இல் விக்டோரியா மகாராணியாரின் வைரவிழாவின்போது இலண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்கப் பெருந்தொகை வழங்கினார். 1898 இல் 'சேர்' பட்டமும் 1902 இற் பரோனெற் பட்டமும் பெற்றார். பாய்க்கப்பற் போட்டியில் அமெரிக்கக் கிண்ணத்தை வெல்லப் பன்முறை முயன்றார்.

இவற்றுட் பெரும்பாலானவை உண்மையே. எனினும் உண்மைகளை அடுக்கி வைப்பது மட்டும் வரலாறாகிவிடாது. சிக்காகோவின் பன்றிகளுக்கு இடமளித்த அக்குறிப்பு, தம்பேதன்னையிற் கொழுந்தெடுத்த மனிதருக்கு ஒரு சொல்லேனும் ஒதுக்கவில்லை. தென் கரோலைனாத் தோட்டத்தில் ஒரு வெள்ளை இளைஞன் சில காலம் கூலி வேலை செய்தமை வாழ்க்கை வரலாற்றுக்குரிய செய்தியாகின்றது. அவ்விளைஞன் முதலாளியான பின் அவனது தோட்டத்தில் ஆயுள் முழுவதும் வேலை செய்தவரைப் பற்றிய பேச்சே இல்லை. இலண்டன் ஏழைகள் குறிப்பினுள் நுழைந்துவிட்டனர். அவர்தம் விருந்துக்கான பணத்தின் ஒரு பகுதியைத் தம் உழைப்பால் ஈட்டிக் கொடுத்த ஊவாவின் ஏழைகளோ வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர்.

குறிப்பின் அடிப்படைக் குறைபாடு வேறொன்று. தோட்டங்களை 'வாங்கினார்' என்று கூறிய ஆசிரியர், அவை வாங்கத்தக்க நிலையில் ஏன் கிடந்தன என்பதை வினவவில்லை. 1869 இல் இலங்கையிற் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தோன்றியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுள் கோப்பிப் பயிர்ச்செய்கை நொடித்தது; 1884 இல் ஓரியன்ரல் வங்கியும் முறிந்தது. கடனில் மூழ்கிய தோட்டங்கள் மலிவாகக் கைமாறின. லிப்டன் வந்திறங்கியது இந்தச் சந்தையிலாகும். கண்டிச் சீமையில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இலேயே தேயிலையை வர்த்தக நோக்கிற் பயிரிட்டிருந்தார். எனவே லிப்டனை இலங்கைத் தேயிலையின் முன்னோடி எனப் பாராட்டுவோர், விற்பனையின் முன்னோடியைப் பயிரின் முன்னோடியாகக் கொண்டு மயங்குகின்றனர்.

வாய்ப்பான விலைக்கு மற்றொரு காரணம் உழைப்பு. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் வந்தனர், பெரும்பாலோர் மீண்டனர். தேயிலை அவ்வாறன்று. அதன் கொழுந்தைச் சில நாள்களுக்கொரு முறை, ஆண்டு முழுவதும் எடுத்தல் வேண்டும். ஆதலாற் குடும்பம் குடும்பமாக மக்கள் லயன்களில் நிரந்தரமாகக் குடியமர்ந்தனர். மன்னார்க் கரையிலிறங்கிக் காடு கடந்து நடந்து வந்தவர்கள் அவர்களுடைய முன்னோர். லிப்டன் தோட்டம் வாங்கிய ஆண்டிற் புகையிரதப் பாதை நானுஓயாவுடன் நின்றிருந்தது. பண்டாரவளைக்கு அது 1894 இலும் பதுளைக்கு 1924 இலுமே வந்தது. கங்காணியிடம் பட்ட முற்பணக் கடன் தொழிலாளியைத் தோட்டத்துடன் பிணைத்தது. கடன் தொகையைக் குறித்த துண்டுச்சீட்டே அவன் வேறு தோட்டம் செல்வதற்கான அனுமதியாக விளங்கியது. சொல்லாமல் வேலையை விட்டு நீங்குதல், 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி, சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. கடைக்காரரின் தேயிலை மலிந்ததன் மருமம், இடைத்தரகரை நீக்கிய சாமர்த்தியத்தில் மட்டும் அடங்கியதன்று.

கலைக்களஞ்சியக் குறிப்பு சுருக்கமாகவே அமையும், அதில் இவையெல்லாம் அடங்கா எனச் சிலர் வாதிடலாம். திராம் வண்டிக்கும் பாய்க்கப்பலுக்கும் கிடைத்த இடம் இதற்கு ஏன் கிடைக்கவில்லை என்பதே அவர்க்குரிய விடை. 1911 இல் இலண்டனில் இருந்தோர் இவற்றை அறிந்திரார் என்பது இன்னொரு வாதம். இதுவும் நில்லாது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் மேற்பார்வை செய்த 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் அறிக்கை அப்போதே அச்சிலிருந்தது. 1911 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' எனத் தனியே எண்ணப்பட்டோர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. அரசு எண்ணியிருந்தது, கலைக்களஞ்சிய ஆசிரியர்தாம் எண்ணவில்லை. துண்டு முறைக்கெதிராகப் பின்னர் குரலெழுப்பியவரும் அதே அருணாசலமே. அம்முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது.

லிப்டன் பிறந்த ஆண்டு 1850 எனக் குறிப்பு கூறுகின்றது. பிற்கால ஆய்வாளர் 1848 என்பர். பிரித்தானியப் பேரரசின் பரோனெற் ஒருவருக்குப் பிறந்த ஆண்டு இரண்டு ஆண்டுகள் பிழைத்தும் எவ்வித இழப்பும் நேரவில்லை. ஊவாவின் தொழிலாளிக்கோ? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தமைக்கு, அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்குப் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயன் அறையிற் பிறந்து, பதிவு செய்வாரின்றி வளர்ந்து, தேயிலைத் தூரடியில் மாண்டவனுக்கு எந்த ஏடு சான்று பகரும்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கிற் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் குறித்துப் பின்னர் முடிவு. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழி பிறந்தது 2003 ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே. அறிவு நூல்களில் ஒரு மக்கட்கூட்டத்துக்கு இடமின்மை வெறும் இலக்கியக் குறையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

2014 ஒக்டோபர் 29 அன்று, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்கள் மண்ணுள் மறைந்தன. காணாமற் போனோர் எத்தனை பேர் என்பதற்குப் பல நாள்கள் வெவ்வேறு கணக்குகள் கூறப்பட்டன. அங்கிருந்து நெடுந்தொலைவன்று, தம்பேதன்னைக்கு மேலே 'லிப்டன் ஆசனம்' என்னும் மலைமுகடு. உல்லாசப் பயணிகள் படமெடுத்துக் கொள்ள அங்கு அவருக்கு அமர்ந்த கோலத்திற் சிலையுமுண்டு.

அக்குறிப்பைத் தமிழிற் பெயர்ப்போர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் வேண்டா. இலங்கைத் தோட்டங்கள் பற்றிய அந்த ஒற்றைத் தொடரை நீக்கி, இரண்டு வாக்கியங்களைச் சேர்த்தாற் போதும்: 'கோப்பியின் வீழ்ச்சியால் மலிந்த தோட்டங்களை 1890 இல் வாங்கினார். அவற்றில் வேலை செய்தோர் கங்காணிக் கடனாலும் தண்டனைச் சட்டத்தாலும் பிணிக்கப்பட்டிருந்த தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர்.' இடம் போதாதெனின், பாய்க்கப்பலைக் குறைத்துக் கொள்ளலாம். ஐந்து முறை போட்டியிட்டும் அக்கிண்ணத்தை அவர் வென்றாரல்லர்.