பாடாதிருந்த பாடகர்

ஒருவர் எத்தனை ஆண்டு பாடினார் என்று எண்ணி அவர் பெருமையை நிறுப்போர் உளர். பில் விதேர்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர், 'சோல்' எனப்படும் இசையிலே தாமே பாட்டெழுதிப் பாடிப் புகழ்பெற்றவர். 1985 இற்குப் பின் 2020 இல் மறையும்வரை அவர் புதிய இசைத்தட்டு எதனையும் வெளியிட்டாரல்லர். பெற்ற வரத்தை வீணாக்கினார் என்று அவரைப் பழிப்பாரோடு எமக்கு உடன்பாடில்லை.

மேற்கு வேர்ஜீனியாவிலே நிலக்கரிச் சுரங்கச் சிற்றூரொன்றில் 1938 இல் பிறந்தவர் அவர். பதின்மூன்று வயதிலே தந்தையை இழந்தார். இருபது வயதைக் கடந்தும் திக்குவாய் அவரை வருத்தியது. நாம் படித்த காலத்திலும் திக்குவாயால் பின்வாங்கில் ஒதுங்கிய தோழர் இருந்தனர். நகைத்தோமேயன்றி அவர்களுக்கு நாம் வேறொன்றும் செய்தோமில்லை.

ஒன்பது ஆண்டு கடற்படையிற் பணிபுரிந்தபின், விமானங்களுக்கு மலகூடம் செய்யும் தொழிற்சாலையிலே வேலைபார்த்தார். 1971 இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது 32. உணவுப்பெட்டியைக் கையிலேந்தி நிற்கும் அவர் படமே அதன் உறையை அலங்கரித்தது. பாட்டுச் சோறிடுமோ என்று ஐயுற்று வேலையையும் அவர் உடனே விட்டாரல்லர். சம்பளத்தின் அருமை அறிந்த எமக்கு அது வியப்பன்று.

அத்தட்டிலுள்ள 'எயின்ற் நோ சன்சைன்' என்ற பாட்டில் இரு சிறு சொற்களை 26 முறை அடுக்குகிறார். அவ்விடத்தில் வேறு அடிகள் எழுதவே எண்ணியிருந்தார். உடனிருந்த இசைஞர் அப்படியே விடுக என்றனர். சொல் தடைப்படும் வேதனையை அறிந்த நா என்பதாற் போலும், அவ்வடுக்கு எமக்கு விம்மலாகவே கேட்கிறது. பிறந்த மண்ணில் அயலார் ஒருவர்க்கொருவர் துணைநின்ற நினைவே 1972 இல் 'லீன் ஒன் மீ' ஆயிற்று. அமெரிக்காவில் அது முதலிடம் பெற்றது.

பின்னர்ச் சேர்ந்த பெரிய கம்பனியிலே நிலைமை மாறியது. பிறர் பாடிப் புகழடைந்த பாட்டைப் பாடுமாறு அலுவலர் புத்தி கூறினர். தம் வாழ்விலிருந்தே பாட்டெழுதிய ஒருவர்க்கு இதனினும் இழிவு யாது? 1978 இற்கும் 1985 இற்கும் இடையே ஒரு தட்டேனும் அவர் பெயரில் வரவில்லை. அதன்பின் தாமாகவே விலகினார். விலை பேசுவோர் விரும்பியவாறு பாடுவதினும் பாடாதிருத்தல் நன்றெனத் துணிந்தவரைச் சோம்பர் என்பது எவ்வாறு பொருந்தும்?

2020 மார்ச்சு 30 இல் அவர் மறைந்தார். தொற்றுநோயினால் உலகம் வீடுகளில் அடைபட்டிருந்த அந்நாட்களில் மக்கள் பாடியவற்றுள் அந்தச் சுரங்கவூர்ப் பாட்டும் ஒன்று.