ஒவ்வாத அளவை அழிக்காதீர்கள்

ஒரு கண்ணாடித் தகடு எல்லா இடத்திலும் ஒரே தடிமன் உடையதா என்று எப்படிக் கண்டறிவீர்கள்? திருகு அளவியால் அளக்கலாம் என்பீர்கள். ஆனால் அது காட்டும் மிகச் சிறிய அளவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். உயர்ந்த ஒளியியல் கருவிகளுக்கு அது போதாது. அங்கே ஒளியே அளவுகோலாகிறது.

தகட்டின் மேல் லேசர் ஒளி விழட்டும். மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்று சேர்கின்றன. அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும் இடம் ஒளிரும். அழித்துக்கொள்ளும் இடம் இருளும். இவையே குறுக்கீட்டுப் பட்டைகள். ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் 633 நானோமீட்டர். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடியில், ஒரு கரும்பட்டையிலிருந்து அடுத்ததற்குத் தடிமன் 211 நானோமீட்டர் மாறுகிறது. அதாவது, மில்லிமீட்டரில் ஏறத்தாழ 5,000-இல் ஒரு பங்கு! பட்டையே தோன்றாவிட்டால் தடிமன் சீராக உள்ளது என்று பொருள்.

தகட்டின் தடிமனை மட்டுமன்று, ஆடியின் வளைவையும் குறுக்கீட்டு முறையால் சோதிக்கலாம். இத்தனை நுட்பமான முறையிலும் தவறு நேருமா? நேர்ந்தது.

1990 ஏப்ரலில் விண்ணில் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் முதன்மை ஆடி 2.4 மீட்டர் விட்டமுடையது. அதைச் சோதித்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் மாறி அமைந்துவிட்டது. அக்கருவியை நம்பி மெருகேற்றியதால் ஆடியின் விளிம்பு சுமார் 2.2 மைக்ரோமீட்டர் கூடுதலாகத் தட்டையாயிற்று. படங்கள் மங்கின. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தக் கருவிகளைப் பொருத்திய பிறகே அந்தக் குறை தீர்ந்தது.

இதைவிட வருந்தத்தக்கது ஒன்று உண்டு. ஆடி உருவான காலத்திலேயே வேறு சோதனைகள் பிழையைச் சுட்டிக்காட்டின. அவை நுட்பம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன! நுட்பமாக அளப்பது வேறு, சரியாக அளப்பது வேறு என்பதை அங்கே மறந்துவிட்டார்கள்.

நாமும் ஆய்வுக்கூடத்தில் இதைத்தானே செய்கிறோம்? ஐந்து அளவுகளில் ஒன்று ஒத்துவராவிட்டால் அதை அழித்துவிட்டுப் பக்கத்து மாணவனின் எண்ணை எழுதுகிறோம். புத்தக விடை வந்தால்தான் மதிப்பெண் என்ற வழக்கமே இதற்குக் காரணம். ஒவ்வாத அளவை மறைக்காமல் எழுதி, அது ஏன் வந்தது என்று ஆராயும் மாணவருக்கே கூடுதல் மதிப்பெண் தரவேண்டும் என்பது என் கருத்து.

அடுத்த முறை அழிப்பானை எடுக்குமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். தவறு உங்கள் கையிலா, கருவியிலா, அல்லது எல்லோரும் நம்பும் அந்த விடையிலா? மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள்.