ஐந்து மீற்றர் சுதந்திரம்

இப்ப நாயோடு நடக்கிற கனபேரின் கையில் அந்தப் பிளாஸ்ரிக் கைப்பிடியைக் காணலாம். உள்ளே ஒரு சுருள்வில், அதில் சுற்றிய நாடா. நாய் முன்னே போனால் நாடா நீளும், திரும்பி வந்தால் தானாக உள்ளே போகும். மேசன்மாரின் அளவுநாடா வேலை செய்யிற மாதிரித்தான். ஜேர்மனியின் ஃபிளெக்ஸி நிறுவனம் 1973 முதல் இதைச் செய்து வருகிறது. சின்ன நாய்க்கு இது நல்ல சாமான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஜேர்மன் ஷெப்பர்ட், லாப்ரடோர், றொட்வைலர் வளர்க்கிற ஆக்களும் இதையே முதல் லீஷாக வாங்குகிறார்கள். அது பிழை எண்டுதான் நாங்கள் சொல்லுவம்.

கொஞ்சம் பள்ளிக்கூடத்து பௌதிகவியலை நினைத்துப் பாருங்கோ. ஒரு நாய் ஒரே விசையோடு பாய்ந்தால், அது சேர்க்கிற சக்தி ஓடுகிற தூரத்தோடு கூடும். ஒன்றரை மீற்றர் சாதாரண லீஷில் பாய்ச்சல் தொடங்க முதலே நின்றுவிடும். ஐந்து மீற்றர் நாடாவில் அதே நாய் மூன்று மடங்குக்கும் மேலான சக்தியைச் சேர்த்துக்கொண்டு வந்து முடிவில் அடிக்கும். முப்பத்தைந்து கிலோ நாயெண்டால் அந்த அடி உங்கட தோள்மூட்டுக்கும் நாயின் கழுத்துக்கும் ஒரே நேரத்தில் போகும். இரண்டில் எது முதலில் விட்டுக்கொடுக்கும் எண்டு சொல்ல ஏலாது. அதிகமாக விட்டுக்கொடுப்பது கை. கைப்பிடி நழுவி விழும்.

விழுந்தபிறகுதான் அடுத்த பிரச்சினை. சுருள்வில் நாடாவை உள்ளே இழுக்க, அந்தப் பிளாஸ்ரிக் கட்டி றோட்டில் தடதடவெண்டு நாயை நோக்கிப் பாயும். நாய்க்கு அது துரத்தி வாற பேய். பயத்தில் ஓடும், ஓட ஓட அதுவும் பின்னாலேயே வரும். சாதாரண லீஷ் கைநழுவினால் நாய் சிலவேளை நின்று திரும்பிப் பார்க்கும். இதில் அந்த வாய்ப்பு குறைவு.

விரல்கள் இன்னொரு கதை. நாய் ஓடும்போது பதறி நாடாவைக் கையால் பிடிப்பது எல்லாருக்கும் வருகிற இயல்பு. மெல்லிய கயிறு வகையெண்டால் தோலை அறுத்துவிடும். விரலில் சுற்றிக்கொண்டால் விரலே போகலாம். இது நாங்கள் மிகைப்படுத்திச் சொல்வதில்லை, தயாரிப்பாளர்களின் அறிவுறுத்தல் தாளிலேயே இருக்கிற எச்சரிக்கைதான். அந்தத் தாளை ஆர் வாசிக்கிறது? பெட்டியோடு சேர்த்து எறிகிறோம். பிறகு பின்னேரம் நாயை நடத்தக் கொண்டுபோகச் சொல்லி பத்து வயதுத் தம்பியிட்டக் கைப்பிடியைக் குடுக்கிறோம்.

எங்கட ஒழுங்கைகளையும் யோசிக்க வேணும். இரண்டு பக்கமும் மதில், நடைபாதை இல்லை, திருப்பத்தில் திடீரெண்டு ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ வரும், ஒவ்வொரு சந்தியிலும் அந்தச் சந்திக்குச் சொந்தக்கார நாய்கள் படுத்திருக்கும். இங்கே ஐந்து மீற்றர் எண்டால் றோட்டின் மற்றக்கரை. பொழுதுபட்டால் அந்த நாடா சைக்கிளில் வாற ஆளுக்குத் தெரியவும் தெரியாது. நாய்க்குப் பயந்த ஒரு பிள்ளைக்கு, ஐந்து மீற்றர் தள்ளி நிற்கிற நீங்கள் “ஒண்டும் செய்யாது” எண்டு சொல்வது ஒரு ஆறுதலும் இல்லை.

ஆனாலும் ஏன் வாங்குகிறோம்? இதைத்தான் நாங்கள் முக்கியமாகக் கேட்கிறம். எங்கட வீடுகளில் பெரிய நாய் பகல் முழுக்க சங்கிலியில். இரவில் கேற்றுக்குள் அவிழ்த்துவிடுவம். அந்தக் குற்றவுணர்ச்சிக்கு மருந்தாக ஒரு ஐந்து மீற்றர் சுதந்திரம் வாங்கிக் குடுக்கிறம். ஆனால் இந்த நாடா எப்பவும் ஒரு மெல்லிய இழுவையோடுதான் இருக்கும். இழுத்தால் நீளும் எண்டதைத்தான் நாய் ஒவ்வொரு நாளும் படிக்கும். நாள் முழுக்கச் சங்கிலியை இழுத்த நாய்க்கு, நடக்கும்போதும் இழுக்கவே பழக்குகிறோம். பக்கத்தில் நடக்கப் பழகாத நாய்க்கு நீளம் கூட்டுவது சுதந்திரம் ஆகாது.

ஆகவே முதலில் ஒன்றரை அல்லது இரண்டு மீற்றர், இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறையாத அகலமுள்ள சாதாரண நைலோன் லீஷ். அதில் தளர்வாக நடக்கப் பழக்குங்கோ. இழுத்தால் நில்லுங்கோ, தளர்ந்தால் நடவுங்கோ. சில கிழமை எடுக்கும், காசு செலவில்லை. திறந்த வெளியில் ஓட விட ஆசையெண்டால், ஹார்னெஸில் கட்டிய பத்து மீற்றர் நீளக் கயிறு மலிவு. நழுவினாலும் நாயைத் துரத்தாது.

பழகின நாய்க்குத்தான் வாங்குகிறோம் எண்டால், இவற்றைப் பாருங்கோ. கயிறு வேண்டாம், முழுநீளமும் பட்டை நாடாவாக இருக்கட்டும். நாயின் நிறையைக் கண்மதிப்பில் விடாமல் நிறுத்துப் பார்த்து, அதைவிட நன்றாகக் கூடிய நிறைக்குச் செய்ததை எடுங்கோ. பெரிய அளவுகளில் 50 கிலோ வரை எண்டு போட்டிருக்கும். கடையிலேயே நாடாவை இழுத்து, பெருவிரலால் பூட்டை அமத்திப் பாருங்கோ, வழுக்கினால் வேண்டாம். கழுத்துப்பட்டியில் கொழுவாமல் ஹார்னெஸில் கொழுவுங்கோ. கடற்கரையில் பாவித்தால் உப்பும் மணலும் சுருளுக்குள் போகும், துடைத்துக் காயவிட்டுச் சுருட்டுங்கோ. நாடாவில் ஒரு வெட்டுக் கண்டாலும் அதை நம்பாதேங்கோ. ஒழுங்கையிலும் றோட்டிலும் எப்பவும் குட்டையாகப் பூட்டித்தான் நடக்க வேணும். ஆளில்லாத மைதானத்தில் மட்டும் பூட்டைத் திறவுங்கோ.

நாய் கேட்பது நாடாவின் நீளத்தை அல்ல, எங்கட நேரத்தை. சங்கிலியிலிருந்து அவிழ்த்து ஒரு நாளைக்கு இரண்டுதரம், அரைமணி நேரம் பக்கத்தில் நடவுங்கோ. அதுக்கு ஒன்றரை மீற்றர் காணும்.