மாமையும் மேண்டலிக் அமிலமும்

மைசூரு மண்டி மொஹல்லாவின் பெயரில் இரு சொற்கள் உள்ளன. 'மண்டி' தமிழர்க்குப் புதிதன்று. அரிசி மண்டியும் வெல்ல மண்டியும் நம் ஊர்களிலும் உண்டு. 'மொஹல்லா' அரபியிலிருந்து வந்து குடியிருப்பைக் குறிப்பது. இத்தகைய கடைத்தெருக்களின் முகப்பூச்சு அடுக்குகளுக்கு இப்போது வந்திருக்கும் புதுச்சொல் மேண்டலிக் அமிலம். ஜெர்மானிய மொழியில் 'மாண்டல்' என்றால் வாதுமை. (ஒலியை மட்டும் கொண்டு வேர்ச்சொல் காண்போர் இதனை மண்டியோடு முடிச்சுப் போட வேண்டாம்.) 1831இல் விங்க்ளர் என்னும் ஜெர்மானிய மருந்தாளர், கசப்பு வாதுமையின் சாற்றை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சூடாக்கிப் பெற்ற பொருள் அது. இன்று அது வேதியியல் முறையில் தொகுக்கப்படுகிறது. வாதுமையை அரைத்துப் பூசினாலும் இதே பயன் கிட்டும் என்பது பெயர் தந்த மயக்கமே.

இதன் மூலக்கூற்று எடை 152. கிளைகோலிக் அமிலத்தினுடையது 76. பெரிய மூலக்கூறு தோலுக்குள் மெல்லவே இறங்கும், எரிச்சலும் குறைவு. மேற்பரப்பின் இறந்த செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பிடியை அது தளர்த்துகிறது. அவை உதிர்ந்தபின் ஒளி சீராகப் பிரதிபலிக்கிறது. 'பிரைட்டனிங்' என்பது இவ்வளவே. பிறவி நிறத்தை அது மாற்றுவதில்லை.

சிக்கல் மொழிபெயர்ப்பில் தொடங்குகிறது. தமிழ் விளம்பரம் அச்சொல்லை 'வெண்மை' என்றோ 'சிவப்பழகு' என்றோ ஆக்கிவிடுகிறது. 1975இல் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் 'ஃபேர்' என்பதைக் கைவிட்டு 'குளோ' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆயினும் பெண் பார்க்கும் வீட்டில் 'பொண்ணு சிவப்பா?' என்னும் கேள்வி அப்படியே இருக்கிறது. சங்கப் பாடல்களின் நிறச்சொற்களோ நேர்மாறான திசையில் நிற்கின்றன. அங்கே மாந்தளிர் போன்ற மாமைதான் அழகு. பிரிவுத் துயரில் அம்மாமையைத் தின்று படரும் வெளிறிய பசலை, நோய். நிறம் வெளுத்தால் தோழி கலங்குவாள். இன்று அதே வெளுப்பு விலைக்கு விற்கப்படுகிறது.

அமிலத்தின்மேல் குற்றமில்லை. பருத்தழும்பின் கருமையால் வருந்துவோர்க்கு அது உதவக்கூடியதே. ஆனால் இவ்வகை அமிலங்களைப் பூசுவோர் பகலில் வெயில் காப்புக் களிம்பும் பூச வேண்டும். 'சிவப்பழகு' என்பதைக் கொட்டை எழுத்தில் தமிழாக்கத் தெரிந்தவர்கள், இந்த ஒரு வரியையும் அதே அளவு எழுத்தில் தமிழில் அச்சிடலாம்.