பழைய ஜாக்கிக்குப் புது சீல் போடுங்க. ஆனா அதை நம்பி காருக்கு அடியில் படுக்காதீங்க

1)
துருப்பிடிச்ச பழைய டிராலி ஜாக்கியைப் பிரிச்சு, சுத்தம் பண்ணி, பெயிண்ட் அடிச்சு, புதுசு மாதிரி மாத்துற வீடியோக்கள் இப்போ நிறைய வருது. நானும் விரும்பிப் பார்க்கிறவன்தான். காயலான் கடைக்குப் போக வேண்டிய இரும்பு மறுபடி ஒரு காரைத் தூக்கிறதைப் பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சில வீடியோக்களில் கடைசி அரை நிமிஷம் வயித்தைக் கலக்கும். கார் மேலே போகும். ஸ்டாண்டு எதுவும் இருக்காது. சிரிச்சுக்கிட்டே ஒருத்தர் அடியில் தலையை விடுவார். அந்த அரை நிமிஷத்தைப் பற்றித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2)
என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். பழைய ஜாக்கியைச் சரி பண்ணிப் பயன்படுத்துவது நல்ல விஷயம். கனமான பழைய ஜாக்கியின் இரும்பு உடம்பு பல வருஷம் உழைக்கும். அதில் முதலில் போவது பெரும்பாலும் ரப்பர் சீலும் ஆயிலும்தான். ஆனா புதுசோ, பழசோ, புதுப்பிச்சதோ, ஜாக்கியின் வேலை தூக்குவது மட்டும். தூக்கியதைத் தாங்குவது ஸ்டாண்டின் வேலை. இந்த ரெண்டு வேலையையும் ஒரே கருவியிடம் கொடுக்கும்போதுதான் உயிர் போகுது.

3)
ஏன்னு புரியணும்னா உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியணும். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்னது, நாம பள்ளிக்கூடத்தில் படிச்சதுதான். இதை வெச்சு 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். கையில் எடுத்துட்டுப் போகக்கூடிய ஜாக்கிக்கு 1851இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் காப்புரிமை வாங்கினார். இன்னிக்கு பஞ்சர் கடையில் இருக்கிறதும் அடிப்படையில் அதே தத்துவம்தான்.

4)
பம்பு பிஸ்டன் 1 செ.மீ. விட்டம், தூக்கும் ராம் 4 செ.மீ. விட்டம்னு வெச்சுக்கங்க. பரப்பளவு 16 மடங்கு. அதனால் விசையும் 16 மடங்கு. கைப்பிடியின் நீளம் அதை இன்னும் பெருக்கும். ஒரு டன் காரை ஒரு கையால் தூக்கிடலாம்.

சரி, தூக்கியாச்சு. இப்போ அந்தக் காரை எது பிடிச்சுட்டு இருக்கு? ஒரு ரப்பர் வளையம். அப்புறம், குண்டுமணி அளவு இரும்பு உருண்டை ஒன்று தன் இருக்கையில் சரியா உட்கார்ந்திருப்பது. அவ்வளவுதான்.

5)
நம்ம இதயத்திலும் கால் நரம்புகளிலும் இருக்கிற வால்வு மாதிரிதான் இதுவும். ஒரு பக்கம் விடும், திரும்ப வர விடாது. இதய வால்வு சரியா மூடலைன்னா ரத்தம் பின்னாடி கசியும். ஜாக்கியில் அந்த உருண்டைக்கு அடியில் ஒரு மணல் துகள் சிக்கினா ஆயில் பின்னாடி கசியும், கார் இறங்கும். இதயத்தில் கசிந்தா ஸ்டெத்தில் சத்தம் கேட்கும், நோயாளிக்கு மூச்சு வாங்கும், முன்கூட்டியே கண்டுபிடிக்க வாய்ப்பு இருக்கு. ஜாக்கி எப்பவும் அப்படி முன்னறிவிப்பு கொடுக்காது.

6)
"என் ஜாக்கி மெதுவாத்தான் இறங்கும் சார், அதுக்குள்ள வெளியே வந்துடலாம்"னு சொல்றவங்க உண்டு. இன்னிக்கு மெதுவா கசியும் சீல் நாளைக்கு ஒரேயடியா கிழியலாம். கைப்பிடியில் யாராவது கால் இடறி ரிலீஸ் வால்வு திறந்துக்கலாம்.

இன்னொன்று. டிராலி ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை, வில் மாதிரி வளைந்து போகும். அதனால் தூக்கும்போது ஜாக்கி சக்கரத்தில் கொஞ்சம் நகர்ந்தே ஆகணும். மண் தரையில் அதன் சக்கரம் புதைஞ்சா, ஜாக்கி நகராது; அதன் தலை காரைப் பக்கவாட்டில் இழுக்கும். சீல், ஆயில் எல்லாம் கச்சிதமா இருந்தாலும் கார் வழுக்கி விழும். ஜாக்கியை எவ்வளவு நல்லா புதுப்பிச்சாலும் இந்த ஆபத்து அப்படியேதான் இருக்கு.

7)
உடம்புக்கு என்ன ஆகும்? சின்ன கார்னாலும் 700, 800 கிலோவுக்கு மேல். முழு எடையும் மேலே விழ வேண்டியதில்லை. மூச்சு இழுக்க விலா எலும்பு விரியணும், உதரவிதானம் கீழே இறங்கணும். நெஞ்சு மேல் அந்த எடையில் ஒரு பங்கு அழுத்தினாலே ரெண்டும் நடக்காது. எலும்பு ஒன்றுகூட முறியாமலே மூச்சு நின்னுடலாம்.

அந்த ஆளால் கத்தவும் முடியாது. கத்துவதற்கும் மூச்சு வேணுமே. பக்கத்து அறையில் டிவி பார்த்துட்டு இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஆக்சிஜன் இல்லாமல் நாலைந்து நிமிஷம் போனாலே மூளை சேதமாக ஆரம்பிக்கும். எவ்வளவு வேகமா ஆம்புலன்ஸ் வந்தாலும் அந்த நாலைந்து நிமிஷத்தை எந்த ஆஸ்பத்திரியாலும் திருப்பித் தர முடியாது.

8)
இப்போ புதுப்பிக்கிறவங்களுக்கு. பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் துருவைச் சுரண்டி இரும்பைப் பாருங்க. தூக்கும் கை வளைஞ்சிருக்கா? வெல்டிங்கில் விரிசல் இருக்கா? காரைத் தாங்கும் கிண்ணம் போன்ற தலையில் கீறல் இருக்கா? ஏதாவது ஒன்று இருந்தாலும் அதை எடைக்குப் போட்டுடுங்க. விரிசலை மூட பெயிண்டைவிட நல்ல வழி இல்லை. அதனாலதான் பளபளன்னு பெயிண்ட் அடிச்ச செகண்ட் ஹேண்ட் ஜாக்கியைப் பார்த்தா எனக்குச் சந்தேகம் வரும்.

9)
பிரிக்கும் முன் ரிலீஸ் வால்வைத் திறந்து அழுத்தத்தை முழுசா இறக்குங்க. தூக்கும் கையைக் கீழே இழுக்கும் ஸ்பிரிங்குகள் பலமானவை. கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கங்க, முகத்தைத் தள்ளி வைங்க. ராம் தண்டில் துருப்பள்ளமோ கீறலோ இருந்தா, புது சீலை அது சீக்கிரமே அறுத்துடும். அதுக்கு லேத் பட்டறை இல்லைன்னா வேற ராம்தான் வழி. கசிகிற ஒரு சீலை மட்டும் மாத்தாம முழு செட்டையும் மாத்துங்க. உருண்டை, அதன் இருக்கை, ஆயில் தொட்டி எல்லாத்தையும் ஒரு தூசி இல்லாம துடைங்க.

10)
ஆயில் விஷயத்தில் நிறைய பேர் கைக்குக் கிடைச்சதை ஊத்துறாங்க. பிரேக் ஆயில் ஊத்தவே கூடாது. பெயரில் ஆயில்னு இருந்தாலும் கார்களில் வழக்கமா போடுவது எண்ணெயே இல்லை, கிளைக்கால் சேர்ந்த திரவம். ஜாக்கியில் சாதாரணமா இருக்கும் நைட்ரைல் ரப்பர் சீலை அது ஊத வெச்சுக் கெடுத்துடும். வண்டியிலிருந்து எடுத்த கறுப்பு எஞ்சின் ஆயிலும் வேண்டாம். ஹைட்ராலிக் ஜாக் ஆயில்னு கேட்டு வாங்குங்க. ராம் முழுசா உள்ளே இறங்கிய நிலையில் அளவு பார்த்து ஊத்துங்க. அப்புறம் ரிலீஸ் வால்வைத் திறந்து வெச்சு பல முறை பம்பு அடிச்சு உள்ளே இருக்கும் காற்றை வெளியேத்துங்க.

11)
பல ஜாக்கிகளில் ஓவர்லோடு வால்வு ஒன்று இருக்கும். அளவுக்கு மேல் எடை வந்தா ஜாக்கியைத் தூக்க விடாமல் தடுப்பது அதுதான். "இதை இறுக்கினா இன்னும் கனம் தூக்கும்"னு யாராவது சொன்னா கேட்காதீங்க. அது தொழிற்சாலையில் செட் பண்ணி விடுவது. அதை இறுக்குவது, ப்யூஸ் போகுதேன்னு கம்பியைச் சுத்தி வைக்கிற மாதிரி.

12)
இது டாக்டரா நான் கட்டாயம் சொல்ல வேண்டியது. ஆயில் கசிவை விரலால் தடவிப் பார்க்காதீங்க.

4 செ.மீ. ராம் மேல் நேரடியா 2 டன் வந்தாலே உள்ளே அழுத்தம் 2,200 பிஎஸ்ஐக்கு மேல். காரின் டயரில் இருப்பது 30, 35தான். சுமார் 100 பிஎஸ்ஐ இருந்தாலே பீய்ச்சும் திரவம் தோலைத் துளைக்கும். ஊசி முனை அளவு ஓட்டை வழியா ஆயில் விரலுக்குள் போயிடும். முதலில் வலிகூடப் பெருசா இருக்காது. சில மணி நேரம் கழிச்சு விரல் வீங்கும், வெளிறும், வலி தாங்காது. அதுக்குள் உள்ளே சதை சாக ஆரம்பிச்சிருக்கும். இப்படிப்பட்ட காயங்களைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ ஆய்வில் பத்தில் மூணு பேருக்கு விரலையோ கையின் பகுதியையோ எடுக்க வேண்டி வந்திருக்கு.

"சின்ன புள்ளிதானே"ன்னு மஞ்சள் வெச்சுட்டு உட்காராதீங்க. ஒத்தடம் கொடுக்காதீங்க, பிதுக்காதீங்க. கையை உயர்த்திப் பிடிச்சுட்டு, அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க. ஆயில் டப்பாவையும் எடுத்துட்டுப் போங்க. கசிவைப் பார்க்கணும்னா ஒரு அட்டையை நீட்டிப் பாருங்க.

13)
புதுப்பிச்ச பிறகு சோதனை. வண்டியைத் தூக்கி, ஒரு அங்குலம் கீழே ஸ்டாண்டை வெச்சுட்டு, உயரத்தை அளந்து குறிச்சு வைங்க. கொஞ்ச நேரம் விட்டுட்டு மறுபடி அளங்க. இறங்கியிருந்தா வேலை முடியலை, மறுபடி பிரிங்க. இந்த நேரத்தில் அடியில் கை, கால், தலை எதுவும் போகக் கூடாது.

14)
சோதனையில் தேறிய ஜாக்கிக்கும் ஸ்டாண்டு வேணும். கெட்டியான சமதரையில் நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைங்க. தூக்கியதும் கம்பெனி குறிப்பிட்ட இடத்தில் ஸ்டாண்டு வெச்சு, எடையை அது மேல் இறக்குங்க. வண்டியைக் கையால் அசைச்சுப் பாருங்க. கழற்றிய சக்கரத்தைப் பக்கவாட்டில் அடியில் தள்ளி வைங்க. எல்லாம் தவறினாலும் அது ஒரு இடைவெளி கொடுக்கும். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டாம். அது சொல்லாம நொறுங்கும்.

ஸ்டாண்டும் கடவுள் இல்லை. 2020இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவி விற்பனை நிறுவனம் பல லட்சம் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பல் சரியா பிடிக்காம திடீர்னு இறங்குதுன்னு. மாற்றாகக் கொடுத்த ஒரு மாடலையும் வெல்டிங் குறைன்னு திரும்பப் பெற வேண்டி வந்தது. அதனாலதான் ஒன்று போனா இன்னொன்று தாங்கும்படி வைக்கச் சொல்றேன்.

15)
"இருபது வருஷமா இப்படித்தான் பண்றேன், ஒன்னும் ஆகலை"ன்னு பல மெக்கானிக் அண்ணன்கள் சொல்வாங்க. "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரை பீடி குடிச்சார்"னு என்னிடம் சொல்றவங்களும் இதே கணக்குதான் போடுறாங்க. தப்பிச்சவங்க மட்டும்தான் வந்து கதை சொல்ல முடியும்.

ஆனா மெக்கானிக்கை மட்டும் குறை சொல்றது நியாயம் இல்லை. "சீக்கிரம் முடிப்பா, ஆபீஸ் போகணும்"னு தலைமேல் நிற்கிறது யாரு? நாமதான். நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுறதும் நாமதான். நம்ம வண்டிக்கு அடியில் படுக்கிற பையனுக்கு நம்ம அவசரத்திலும் ஒரு பங்கு இருக்கு.

16)
ஒருவேளை விபத்து நடந்துட்டா: அழுத்தம் நெஞ்சு மேல்னா ஆம்புலன்ஸ் வரட்டும்னு காத்திருக்காதீங்க. ஒருத்தர் 108க்குப் பேசட்டும். மத்தவங்க இன்னொரு ஜாக்கியிலோ, ஆள் சேர்ந்தோ உடனே தூக்குங்க. தூக்கத் தூக்க அடியில் கட்டை வெச்சுட்டே வாங்க. வெளியே எடுத்ததும் மூச்சு இல்லைன்னா சிபிஆர் ஆரம்பிங்க.

எழுந்து உட்கார்ந்து "நல்லாத்தான் இருக்கேன்"னு சொன்னாலும் ஆஸ்பத்திரி போகணும். உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம். நெடுநேரம் நசுங்கிய தசையிலிருந்து வரும் பொருட்கள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். லண்டன் குண்டுவீச்சு இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்கள் சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை 1941இல் பைவாட்டர்ஸ், பீல் என்ற மருத்துவர்கள் விவரிச்சாங்க. தசை நசுங்கிய ஒருவருக்குச் சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனா அது அவசரம். எவ்வளவு நேரம் சிக்கியிருந்தார்னு டாக்டரிடம் மறக்காம சொல்லுங்க.

17)
அடுத்த முறை வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஸ்டாண்டு இருக்கா அண்ணே?" இல்லைன்னா, "இருக்கிற கடையில் பார்த்துக்கிறேன்"னு தயங்காம சொல்லுங்க. நாலு வாடிக்கையாளர் கேட்டா ஸ்டாண்டு தானா வந்துடும்.

வீட்டில் பழைய ஜாக்கி வெச்சிருக்கிறவங்க, தாராளமா புதுப்பிங்க. செலவு வரிசை மட்டும் இப்படி இருக்கட்டும்: முதலில் ஸ்டாண்டு, அப்புறம் சீல், அப்புறம் ஆயில். மிச்சம் காசு இருந்தா பெயிண்ட்.

உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க.