வன்னிக்கு வேண்டும் ஒரு நூதனசாலை

பிலிப்பைன்ஸ் நாட்டிலே கலம்பா என்னும் ஊரில் ஒரு வீடு உண்டு. அந்நாட்டு மக்கள் தம் தேசத்தின் பெருவீரராகப் போற்றும் ஹோசே ரிசால் 1861ஆம் ஆண்டு பிறந்த இடம் அது. 1896 டிசெம்பர் 30ஆம் நாள் ஸ்பானிய ஆட்சியாளர் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவர் பிறந்த வீடும் பின்னர் இல்லாதொழிந்தது. 1945இல் நிகழ்ந்த பெரும் போரில் தலைநகராகிய மணிலாவும் இடிபாடாயிற்று. எனினும் 1950இல் அவ்வீட்டை மீள எழுப்பி நினைவாலயமாக்கினர். அதற்குப் பாடசாலைச் சிறுவர் ஈந்த சில்லறைக் காசுகளும் உதவின என்பதே நாம் ஈண்டுக் கருதற்பாலது.

போரால் வீடிழந்த மக்கள் யாரென்று வன்னியாராகிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் நாம் விட்டோடிய வீடுகளில் உரலும் கடகமும் மாத்திரமா கிடந்தன? பாட்டனாரின் ஏடுகளும் உறுதிகளும் படங்களும் கிடந்தன. திரும்பி வந்தபோது பலர்க்குக் கூரையும் இல்லை, ஏடும் இல்லை.

எஞ்சியவற்றையேனும் நாம் காத்தோமா? ஒருநாள் வகுப்பிலே, “கொம்பறை என்றால் யாது?” என வினவினோம். ஒரு மாணவன் மாத்திரம் எழுந்து, “அம்மம்மா சொல்லுவா, சேர், நெல்லுப் போட்டு வைக்கிறது” என்றான். தடிகளை வரிந்து மண் பூசி அதனைச் சமைக்கும் முறையை அவ்வம்மையார் அறிவார். அவருக்குப் பின் அறிவார் யார்? துலாவும், மாட்டு வண்டிலும், சூடு மிதித்த களத்தின் தனிச்சொற்களும் இவ்வாறே நம் கண்முன் மறைகின்றன.

வவுனியாவில் தொல்பொருட் திணைக்களத்தின் நூதனசாலை உண்டு. அங்கே பழைய புத்தர் சிலைகளைக் காணலாம். அவையும் இம்மண்ணின் வரலாறே. அஞ்சி மறைத்தற்குரியன அல்ல. ஆனால் வயலும் குளமும் கோயிலுமாக வாழ்ந்த மக்களின் கதையைச் சிலைகள் மாத்திரம் சொல்லி முடியா. அதனை நாமே சொல்லல் வேண்டும்.

சொல்லாவிடின் நேர்வது யாது? ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஒரு கல் நாட்டினர். 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனை அவ்விடத்திலே தோற்கடித்தான் என்பது அதன் வாசகம். அதே ஆண்டு ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய செய்தி அக்கல்லில் இல்லை. வென்றவன் நாட்டிய கல் வென்றவன் கதையையே சொல்லும். வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895இல் விரிவான நூல் எழுதியவரும் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரியே. அவர்க்கு நன்றி கூறுவோம். ஆயினும் நம் கதையைப் பிறர் எழுதும்வரை காத்திருந்தமைக்கு நாணுவோம்.

“சோற்றுக்கு வழி தேடும் காலத்தில் பழம்பொருள் எதற்கு?” என்பாரும் உளர். அவர் வினாவை நாம் இகழோம். ஆனால் நாம் வேண்டுவது மாளிகையன்று. நம் கல்லூரியில் ஓர் அறை. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் பெயர், பயன், ஊர், தந்தவர் ஆகியவற்றை எழுதிய ஓர் அட்டை. அவ்வளவே. நிலத்தினுள் கிடைக்கும் தொல்பொருள்களை நாம் தொடலாகாது. அவை சட்டப்படி திணைக்களத்துக்கு அறிவிக்கப்பட வேண்டியவை. நாம் திரட்ட வேண்டுவன வீட்டிலும் களத்திலும் புழங்கியவை.

பொருளாக வைக்க இயலாதவற்றை எழுத்தாகவும் ஒலியாகவும் வைக்கலாம். வற்றாப்பளைக் கண்ணகையம்மன் பொங்கலை முன்னிட்டுக் கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கத்தையும், முல்லைத்தீவின் கோவலன் கூத்தையும் அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். மாணவர் அவர்களிடம் சென்று கேட்கட்டும். கேட்டதைக் கேட்டவாறே எழுதட்டும். பெருமைக்காக ஒரு சொல்லும் கூட்டாதிருக்கட்டும். கூட்டிச் சொன்ன வரலாறு முதற் கேள்வியிலேயே சரிந்துவிடும்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். பணம் அனுப்புகிறீர்கள், மகிழ்கின்றோம். நீங்கள் போகும்போது பெட்டியிற் கொண்டுசென்ற பழைய படங்களின் பிரதிகளையும் அனுப்புங்கள். இங்கே அழிந்த பல, அங்கே உங்கள் அலமாரிகளில் உயிரோடிருக்கலாம்.

வாணிவிழாவில் ஏட்டையும் கருவியையும் வைத்து வணங்குவது நம் மரபு. வரும் வாணிவிழாவன்று ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டுப் பழம்பொருள் ஒன்றை, அதன் பெயரை மூத்தோரிடம் கேட்டறிந்து கொண்டுவரட்டும். கலம்பாவின் சிறுவர் காசு கொடுத்தனர். நம் சிறுவர் ஒரு கேள்வி கேட்டாற் போதும். விடை சொல்வோர் உள்ளபோதே கேட்டல் வேண்டும்.