ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளும் நம் தப்பெண்ணங்களும்



ஒரு காலத்தில் பெருநகரங்களில் மட்டுமே இருந்த ஜிம் எனும் உடற்பயிற்சிக் கூடம் இன்று சிற்றூர்களின் வாழ்விலும் இடம்பிடித்துவிட்டது. கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களிலும், மாலையானால் தோளில் ஒரு பையோடு இளைஞர்கள் புறப்படுவதைக் காண்கிறோம். நம்மிடம் குர்ஆன் ஓதிய பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள். பெற்றோரில் சிலர் தயங்கியபடியே நம்மிடம் கேட்பதுண்டு: "ஹஜ்ரத், பையன் ஜிம்முக்குப் போறேங்கிறான். அனுப்பலாமா? கெட்டுப் போயிட மாட்டானே?"

இக்கேள்வியில் பிள்ளை மீதான அக்கறை இருக்கிறது; அதை நாம் மதிக்கிறோம். ஆயினும், "கெட்டுப் போவான்" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், ஜிம்மின் வாசற்படியை ஒருநாளும் மிதிக்காத ஒருவர் சொன்ன சொல்லாகவே பெரும்பாலும் அது இருக்கிறது. உடம்பை வளர்ப்பவன் அடிதடிக்குப் போவான் என்பார்கள். உடம்பு ஏற ஏறப் படிப்பு இறங்கும் என்பார்கள். கண்ணாடியின் முன் நின்று பழகியவனுக்குக் கர்வம் தலைக்கேறும் என்பார்கள். ஜிம்முக்குப் போனவனுக்கு மாரடைப்பு வரும் என்பார்கள்.

இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அடிதடி என்ற எண்ணத்தைப் பெரிதும் வளர்த்தது திரைப்படம். கட்டுடல் கொண்டவர் அங்கே ஒன்று கதாநாயகனாக வருவார், இல்லையேல் வில்லனின் அடியாளாக வருவார். ஆனால் இப்பகுதிக் கூடங்கள் சிலவற்றுக்கு நாம் நேரில் சென்று பார்த்தபோது கண்டவர்கள் வேறு. செல்போன் கடையில் நாள் முழுதும் நின்று வேலை செய்யும் இளைஞர், ஆட்டோ ஓட்டுபவர், முதுகுவலிக்காக மருத்துவர் அனுப்பி வைத்த நடுவயதினர், காவலர் தேர்வுக்குத் தயாராகும் பட்டதாரி ஆகியோரே அங்கிருந்தார்கள். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு எழுத்துத் தேர்வில் வென்றாலும், ஆண்கள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடித்தால்தான் அடுத்த கட்டத்துக்குச் செல்ல முடியும். கயிறு ஏறுதலும் நீளம் தாண்டுதலும் அதன் பின்னர் உண்டு. சமுதாயத்தில் அரசுப் பணிக்குச் செல்வோர் குறைவு என்று மேடைதோறும் வருந்தும் நாம், அப்பணிக்காக உடலைத் தயார் செய்யும் பிள்ளையை ரவுடி என்று ஐயுறுவது எவ்வகையில் நியாயம்?

அக்கூடங்களில் நாம் கண்ட ஒழுங்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். பளு தூக்குபவர் தடுமாறினால் தாங்கிப் பிடிப்பதற்கு மற்றொருவர் பின்னால் நிற்கிறார். நிற்பவர் எந்த மதம், எந்தச் சாதி என்று எவரும் கேட்பதில்லை. தம் முறை வரும்வரை காத்திருக்கிறார்கள். எடுத்த பளுவை எடுத்த இடத்தில் வைக்கிறார்கள். இந்தப் பண்புகளைத்தானே மதரஸாவிலும் நாம் கற்பிக்க முயல்கிறோம்?

உடல் ஏறினால் அறிவு இறங்கும் என்ற எண்ணத்துக்குத் திருக்குர்ஆனில் இடமில்லை. தாலூத்தை அரசராக ஏற்க இஸ்ரவேலர் தயங்கி, அவரிடம் செல்வம் இல்லையே என்று குறை கூறியபோது, அல்லாஹ் அவருக்கு அறிவாற்றலையும் உடலாற்றலையும் மிகுதியாக அளித்திருக்கிறான் என்று அவர்களுடைய நபி விடையளித்ததை 2:247 வசனம் எடுத்துரைக்கிறது. அறிவும் உடலும் அங்கே சேர்த்தே சொல்லப்படுகின்றன. மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்களைப் பணியமர்த்துமாறு தம் தந்தையிடம் பரிந்துரைத்த பெண்மணி, வலிமை, நம்பகத்தன்மை ஆகிய இரு தகுதிகளைக் காரணமாகக் கூறியதை 28:26 வசனத்தில் காண்கிறோம்.

மாரடைப்பு பற்றிய அச்சம், கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று தம் 46-ஆம் வயதில் இறந்த பிறகு பெரிதும் பரவியது. அன்று காலை அவர் உடற்பயிற்சி செய்திருந்தார் என்ற செய்தி மட்டும் மக்கள் மனத்தில் நின்றுவிட்டது. ஓடியே பழகாதவர்களுக்கும் மாரடைப்பு வருகிறது என்பது அதோடு சேர்ந்து நினைவுக்கு வருவதில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக மதிப்பிட்டது. இதயத்தைச் சிதைக்கும் நோய்களில் அது முதன்மையானது. உடல் அசைவின்மை அதற்கு ஒரு பெரும் காரணம். எனவே பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒருமுறை சோதித்துக்கொள்வது அறிவுடைமை. பயந்து வீட்டிலேயே அமர்ந்திருப்பதால் இதயம் காக்கப்படுவதில்லை.

வெளியே நின்று தீர்ப்புச் சொல்வது எத்தகைய காயத்தை ஏற்படுத்தும் என்பதை நாம் பிறரிடமிருந்து பட்டே அறிந்தவர்கள். நம் அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். மலப்புறம் மாவட்டம் கொண்டோட்டி அருகே ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் 2012-இல் தொடங்கிய உடற்பயிற்சிக் கூட்டமைப்பு 'மெக் 7'. அதிகாலையில் திடலில் கூடி, 21 வகைப் பயிற்சிகளை ஏறத்தாழ 21 நிமிடங்களில் செய்து முடித்துவிட்டுக் கலைவார்கள். கட்டணம் இல்லை. எல்லா மதத்தவரும் வருவார்கள், முதியோரே மிகுதி. இது மலபார் பகுதியெங்கும் வேகமாகப் பரவியபோது, 2024-ஆம் ஆண்டின் இறுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் கோழிக்கோடு மாவட்டச் செயலாளர் பி. மோகனன், இதன் பின்னணியில் ஜமாஅத்தே இஸ்லாமியும் தடைசெய்யப்பட்ட பாப்புலர் ஃப்ரண்டும் இருப்பதாகக் குற்றம் சாட்டினார். அது பெரும் விவாதமாயிற்று. சர்க்கரை நோய்க்காகக் கையை உயர்த்தித் தாழ்த்திய முதியவர்கள் தொலைக்காட்சி விவாதங்களில் ஐயத்துக்குரியவர்கள் ஆனார்கள். பின்னர் அவர், அந்த அமைப்பின் மீதே குற்றம் சொல்லவில்லை என்று விளக்கம் அளித்தார். ஆனால் பரவிய ஐயத்தின் வேகம் விளக்கத்துக்கு இருப்பதில்லை.

ஆணும் பெண்ணும் கலந்து பயிற்சி செய்வது குறித்து அங்குள்ள உலமாக்களில் சிலர் எழுப்பிய கேள்வி வேறு வகையைச் சேர்ந்தது. அது மார்க்க வரம்பு பற்றியது; தனி இடம், தனி நேரம் என்று அதற்குத் தீர்வும் உண்டு. "முஸ்லிம்கள் உடற்பயிற்சி செய்தால் அதில் ஏதோ உள்நோக்கம் இருக்கும்" என்ற எண்ணத்துக்கோ எந்தத் தீர்வும் போதாது. நீங்கள் எதைச் செய்தாலும் அது சான்றாகிவிடும்.

இச்செய்தியைப் படித்து மனம் புண்பட்ட நாம், தாடி வைத்த, தோள் அகன்ற நம் சொந்தப் பிள்ளை தெருவில் நடக்கும்போது என்ன சொல்கிறோம்? "இவன் எதுக்கு இப்படி உடம்ப ஏத்துறான்?" என்று நாமே கேட்கிறோம். வெளியார் அவனை முஸ்லிம் என்பதற்காக ஐயுறுகிறார்கள். நாம் அவனை ஜிம்முக்குப் போகிறவன் என்பதற்காக ஐயுறுகிறோம். இரண்டு ஐயங்களுக்கும் இடையில் அகப்பட்டவன் அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளைதான். ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறும், அவற்றில் சில பாவமாகும் என்றும் எச்சரிக்கும் 49:12 வசனம் இறைநம்பிக்கையாளர்களை நோக்கியே பேசுகிறது. பிறர் நம்மிடம் காட்ட வேண்டிய நீதியை நாம் முதலில் நம் பிள்ளைகளிடம் காட்டக் கடமைப்பட்டுள்ளோம்.

உடற்பயிற்சிக் கூடம் நமக்கு அந்நியமானதும் அன்று. மராட்டியத்தின் கோலாப்பூரில் மல்யுத்தக் கூடங்களைத் 'தாலிம்' என்றே அழைக்கிறார்கள். கல்வி புகட்டுதலைக் குறிக்கும் 'தஃலீம்' என்ற அரபுச் சொல்லே அது. ஈரானில் 'வலிமையின் இல்லம்' எனப் பொருள்படும் ஸூர்கானாக்களில், நம் கர்லாக்கட்டையை ஒத்த மரக்கட்டைகளைச் சுழற்றும் பயிற்சியோடு ஒழுக்கமும் கற்பிக்கப்படுகிறது. யுனெஸ்கோ அம்மரபை 2010-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் ஊரிலிருந்து திண்டிவனம் சாலையில் கிழக்கே சென்றால் வரும் செஞ்சிக் கோட்டையிலேயே உடற்பயிற்சிக் கூடம் என்று அறியப்படும் பழங்கட்டடம் ஒன்று உண்டு. அதே கோட்டையில்தான் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சஅதத்துல்லா கான் பள்ளிவாசலும் நிற்கிறது.

1928-இல் பாட்டியாலாவில் உலகப் புகழ்பெற்ற மல்லர் ஸ்பிஸ்கோவைச் சில நொடிகளில் வீழ்த்திய மாமல்லர் காமா ஒரு முஸ்லிம். 1947-இல் லாகூரில் கலவரம் மூண்டபோது, தம் தெருவில் வாழ்ந்த இந்துக்களைத் தாக்க வந்த கும்பலின் முன்னே நின்று அவர்களைக் காத்தார் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. உடல் வலிமை எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை வேண்டுமா?

பலவீனமான இறைநம்பிக்கையாளரைவிட வலிமையான இறைநம்பிக்கையாளரே அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானவர், எனினும் இருவரிடமும் நன்மை உண்டு என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அறிவுறுத்தியது புகாரியில் உள்ளது. உண்மையான வீரன் பிறரை வீழ்த்துபவன் அல்லன், கோபத்தின்போது தன்னை அடக்கிக்கொள்பவனே என்ற வழிகாட்டலும் அங்கேயே உண்டு.

இவ்வளவும் சொன்ன பின், ஜிம்மில் குறையே இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. குறைகள் உண்டு. தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியை மறைக்கும் கடமையைக் குட்டைக் கால்சட்டை மறக்கடிக்கிறது. பயிற்சியின் மும்முரத்தில் மக்ரிபும் இஷாவும் தவறுகின்றன. உடலைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டும் பழக்கம், முகஸ்துதி என்ற நோய்க்கு வாசல் திறக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஊசியும் மாத்திரையும். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத ஸ்டீராய்டுகள், கல்லீரலையும் இதயத்தையும் கெடுப்பதோடு பிள்ளைப்பேற்றையும் பாதிக்க வல்லவை. புரதப் பொடியிலும் கவனம் தேவை. கேரள மருத்துவர்கள் உள்ளிட்ட குழு, இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் பொடிகளில் புரத அளவு பற்றிய விவரம் சரியாக இல்லை என்று தெரியவந்தது. மாத்திரை உறைகளில் உள்ள ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் நாம் கேட்டறிய வேண்டும்.

இக்குறைகளை அந்தப் பிள்ளையிடம் யார் சொல்வது? "ஜிம்முக்குப் போகிறவன் கெட்டவன்" என்று முன்பே முடிவு கட்டிவிட்ட தந்தையிடம் அவன் ஊசி பற்றிக் கேட்க வருவானா? வரமாட்டான். பொடி விற்பவரிடமே ஆலோசனையும் கேட்பான். நம் தப்பெண்ணத்தால் விளையும் உண்மையான நட்டம் இதுதான்.

ஆகவே பெற்றோர் ஒருமுறையேனும் அக்கூடத்துக்குச் சென்று, பயிற்சியாளரைச் சந்தித்துப் பேச வேண்டும். தொழுகை நேரத்தையும் உடையையும் பிள்ளையோடு பேசி முடிவு செய்ய வேண்டும். முட்டை, பருப்பு, பால், மீன் ஆகியவை வீட்டு உணவில் போதிய அளவு இருக்கப் பார்த்துக்கொண்டால், பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பொடி தேவைப்படாது. ஜமாஅத்தார் ஆண்டுக்கொருமுறை ஒரு மருத்துவரை அழைத்து இளைஞர்களோடு பேசச் செய்யலாம். பெண்களையும் மறந்துவிடக் கூடாது. நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்தது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மூட்டுவலியோடும் சர்க்கரையோடும் வாழும் நம் தாய்மார்களுக்கு, பகலில் பெண்களுக்கென ஒரு மணிநேரம் ஒதுக்குமாறு கூடத்தாரிடம் கேட்பதில் தவறில்லை.

ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களைப் பிறர் தோற்றத்தால் எடைபோடுவது உங்களுக்கு வலிக்கிறது. அவ்வாறே, மெலிந்தவனை "எலும்பன்" என்றும் பருத்தவனை "குண்டன்" என்றும் நீங்கள் எடைபோடாதீர்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) மிக மெலிந்த கால்களைக் கொண்டவர். மிஸ்வாக் குச்சி பறிக்க மரமேறியபோது காற்றில் அவருடைய கெண்டைக்கால் வெளிப்பட, தோழர்கள் சிரித்தனர். அந்தக் கால்கள் மறுமையின் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்கு உணர்த்தினார்கள். முஸ்னத் அஹ்மதில் இச்செய்தி உள்ளது.

அல்லாஹ் நமக்கு அளித்த உடல் அமானிதம். அதைப் பேணும் பிள்ளைகளுக்கு நேரிய நிய்யத்தையும், அவர்களைப் பார்க்கும் நமக்கு நல்லெண்ணத்தையும் அவன் தந்தருள்வானாக. ஆமீன்.